டுமீல் வகுப்பு

அத்தாயிக்குத் துப்பாக்கி சுடத் தெரியும். அதை ஆபீசுக்குப் போய் அவளே வாயால் சொன்னாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மலைமேல், திண்ணனூர் நாடு என்கிற ஊர்த்தொகுதியில், காட்டை ஒட்டிய மேடு ஒன்றில் அவள் வீடு. ஒரே அறை, மண்சுவர், மூங்கில் தட்டிக் கதவு. வீட்டைச் சுற்றி மூன்று பலா மரங்கள், சரிவில் மரவள்ளியும் சாமையும். போன ஆனி மாதம் ஒரு விடிகாலையில் மரத்தடியில் பழம் தின்றுகொண்டிருந்த கரடியை மிதிக்காத குறையாகப் போய் நின்றான் அவள் புருஷன் செல்லமுத்து. கரடி அவன் வலது தோளைக் கிழித்துவிட்டுப் போனது. உயிர் தங்கியது. கைதான் தங்கவில்லை; தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்குகிறது.

வீட்டில் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. பயிர்க்காவலுக்கென்று செல்லமுத்து பேரில் லைசென்ஸ் வாங்கியது. அதில் ரவை போட்டு அவர்கள் எதையும் கொன்றதில்லை. குழாயில் வெறும் வெடிமருந்தைக் கெட்டித்து ஒரு வெடி வெடித்தால் போதும், பன்றியானாலும் கரடியானாலும் அடுத்த மலைக்கு ஓடிவிடும். கை விழுந்தவனிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று அதை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேண்டுமானால் மனைவி பேருக்கு மாற்றச் சொல்லி மனு கொடு என்றார்கள்.

கலெக்டர் ஆபீசில் கிளார்க் மனுவை முன்னும் பின்னும் புரட்டினார்.

"உனக்குச் சுடத் தெரியுமா?"

"தெரியுங்க. எட்டு வருசமா நாந்தான் வெடிக்கறேன். அவருக்கு அந்தச் சத்தம் கேட்டா காது அடைச்சுக்குங்க."

கிளார்க் பேனாவை மூடி வைத்தார். "லைசென்சு அவரு பேர்ல. வெடிச்சது நீ. இதை நான் கேக்கலை, நீயும் சொல்லலை. உனக்குச் சுடவே தெரியாது. புரியுதா? தெரியாதவங்களுக்குத்தாம்மா பயிற்சிச் சான்று குடுப்பாங்க. சான்று இருந்தாத்தான் லைசென்சு."

அந்தச் சான்றைக் கொடுக்கிற அதிகாரம் இல்லக் காப்பு ஆயுதப் பயிற்சிக் கழகத்திடம் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டம் ஆனதும் எல்லாவற்றுக்கும் ஒரு மாவட்டக் கழகம் தேவைப்பட்டது. அப்படி முளைத்த கழகங்களில் அதுவும் ஒன்று. தலைவர் தரணிதரன், கோழிப்பண்ணை முதலாளி. நாற்பதாயிரம் கோழிகளைக் காப்பாற்றுகிறவருக்கு மனிதர்களைக் காப்பாற்றுவது பெரிய காரியமில்லை என்று எல்லோரும் சேர்ந்து அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இரண்டாயிரத்து இரண்டு, மாசி மாதம். சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆறு நாள் வகுப்பு. புருஷனுக்குக் கஞ்சி ஊற்றும் பொறுப்பைப் பக்கத்து மேட்டுப் பொன்னாயியிடம் ஒப்படைத்துவிட்டு, அத்தாயி பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி வந்தாள். தினமும் ஏறி இறங்க முடியாது. மண்டபத்துச் சமையல்கட்டில் தண்ணீர் இறைத்து, டீ போட்டுக் கொடுக்கிற ராசு ஐம்பது வயது மனுஷன்; அவளைப் போல மலைக்காரர், வளப்பூர் நாடு. அவர்தான் சாமான் அறையைக் கூட்டி அவளுக்கு ஒரு பாயை விரித்துக் கொடுத்தார்.

"பயப்படாம இரு தங்கச்சி. இங்க கல்யாணமும் பாத்திருக்கறேன், கட்சிக் கூட்டமும் பாத்திருக்கறேன். எல்லாம் ஒண்ணுதான். டீ மட்டும் நேரத்துக்கு வந்துடணும்."

முதல் நாள் விண்ணப்பம். அதில் ஏழாவது கட்டம்: 'உங்கள் எதிரி யார்?' அத்தாயி பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். யோசிக்காமல் 'கரடி' என்று எழுதினாள்.

பயிற்சி இயக்குநர் அர்த்தனாரி, ஆயுதப்படையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், தாளை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏம்மா, திருடன், கொள்ளைக்காரன், தீவிரவாதி, இதர நபர். இந்த நாலுல ஒண்ணை டிக் அடிக்கணும்."

"கரடிதானுங்க வருது."

"அப்ப இதர நபர். இதர நபர்னா பேரு, தகப்பனார் பேரு, முகவரி எழுதணும்."

அத்தாயி கரடியின் தகப்பனாரை யோசித்துப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். அர்த்தனாரி இரக்கப்பட்டு அவரே 'திருடன்' என்பதில் டிக் அடித்துக்கொண்டார். இப்படியாக அத்தாயியின் வீட்டுக்கு, அது கட்டிய நாளிலிருந்து எட்டிப் பார்க்காத திருடன் ஒருவன் ஏற்பாடானான்.

வகுப்பில் மொத்தம் இருபத்து மூன்று பேர். அத்தாயியைத் தவிர எல்லோரும் அடிவாரத்துத் தோட்ட வீட்டுக்காரர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்த மேனகாவுக்குத் தென்னந்தோப்பு நடுவில் மாடி வீடு. புருஷன் வெளியூர் போகிறவர் என்பதால் சேர்த்துவிட்டிருந்தார். பட்டாசு வெடித்தாலே காதைப் பொத்திக்கொள்கிற பெண்.

இரண்டாம் நாள் கரும்பலகையில் ஒரு வீட்டின் படம். கேட், போர்டிகோ, ஹால், இரண்டு பெட்ரூம்.

"எதிரி ஹாலுக்குள்ள வந்துட்டான்," என்றார் அர்த்தனாரி. "நீங்க என்ன பண்றீங்க? முதல் பெட்ரூமுக்குப் பின்வாங்கறீங்க. அங்கயும் வந்தா ரெண்டாவது பெட்ரூம். அத்தாயி, உங்க ஊட்டுல பெட்ரூம் எத்தனை?"

"ஒரே ஊடுதானுங்க. அதுலதான் அடுப்பு, படுக்கை எல்லாம்."

"கதவு?"

"தட்டிங்க."

அவர் நோட்டில் குறித்துக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்: "பின்வாங்க இடமில்லை." எட்டு மாதமாக அத்தாயியின் மனதில் கிடந்து உருண்டதை அந்த மனிதர் இரண்டே சொல்லில் எழுதிவிட்டார். எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த பாடம் எச்சரிக்கை. சுடுவதற்கு முன்னால் மூன்று தடவை குரல் கொடுக்க வேண்டும். 'யாரது', 'நில்', 'சுடுவேன்'. ஒவ்வொன்றுக்கும் நடுவில் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும்.

"அது பத்து எண்ணுற வரைக்கும் நிக்காதுங்க," என்றாள் அத்தாயி. "எங்க ஊட்டுக்காரரு 'ஐயோ'ன்னு சொல்றதுக்குள்ளயே தோளு போயிடுச்சு."

"அவரு முறையா எச்சரிக்கை குடுத்தாரா?"

"இல்லீங்க."

"பாத்தீங்களா!" என்று அர்த்தனாரி வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். இருபத்திரண்டு பேரும் தலையாட்டி, குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் துப்பாக்கியைக் கண்ணில் காட்டினார்கள். கழகத்துக்கு இருந்தது ஒரே ஒரு தோட்டாத் துப்பாக்கி, அதுவும் தலைவருடையது. கண்ணாடிப் பெட்டிக்குள் மாலை போட்டு வைத்திருந்தார்கள். சூடம் காட்டிக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியை மூடினார்கள். பயிற்சிக்கு ஆளுக்கு ஒரு மூங்கில் கழி. கழியைத் தோளில் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, உரக்க 'டுமீல்' என்று சொல்ல வேண்டும். சத்தத்துக்குப் பத்து மதிப்பெண், உச்சரிப்புக்குப் பத்து.

அத்தாயி கழியை வாங்கியதும் அவள் கை தன்னால் அதன் நுனியைத் தேடிப் போனது, மருந்து கெட்டிக்க.

"என்னம்மா பண்றே? டுமீல் சொல்லு."

"டப்," என்றாள்.

"டுமீல்!"

"எங்க துப்பாக்கி டப்புன்னுதானுங்க வெடிக்கும்."

மேனகா கண்ணை இறுக மூடிக்கொண்டு 'டுமீல்' என்றாள். இருபதுக்குப் பதினெட்டு வாங்கினாள்.

நான்காம் நாள் குறிப்படம் வந்தது. பேனர் எழுதுகிற ஓவியரிடம் சொல்லிப் பெரிய துணியில் வரைந்து வாங்கியிருந்தார்கள். ஆள் உயரத்தில் ஒருவன். கறுத்த உடம்பு. தலையோடு சேர்த்துப் போர்த்திய கம்பளி, முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய வேட்டி, வெறுங்கால், கையில் கொடுவாள். நெஞ்சில் சிவப்பாக ஒரு வட்டம்.

அத்தாயி எழுந்து நின்றுவிட்டாள். மார்கழிக் குளிரில் செல்லமுத்து சாமைக்காட்டுக்குப் போகிற கோலம் அது. செல்லமுத்து மட்டுமா? அந்த மேட்டில் எல்லா ஆண்களும் அப்படித்தான் போவார்கள்.

"இவரு யாருங்க?" என்று கேட்டாள்.

"திருடன்."

"இவரு காட்டுக்குப் போறாருங்க. கொடுவாள் இல்லாம முள்ளுல எப்படிப் போறது?"

"ஏம்மா, ஒரு திருடன் எப்படி இருப்பான்னு கமிட்டி மூணு தடவை கூடிப் பேசி வரைஞ்சது இது."

"எங்க தோப்புக்கு மிளகு கொண்டாந்து தர்றவரு மாதிரியே இருக்குது," என்று மேனகா மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று சுற்றிலும் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் நேர்முகச் செயல்விளக்கம். தலைவர் வந்து, பேசி, சுட்டுக் காட்டுவார். மண்டபத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் மூன்று பக்கம் கார்கள் நின்றன. கார்களுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதென்று குறிப்படத்தைச் சமையல்கட்டுப் பக்கம் கட்டினார்கள்.

தரணிதரன் மைக்கைப் பிடித்தார்.

"இல்லக் காப்பாளர்களே! சில பேர் கேட்கிறார்கள், இந்த வட்டாரத்தில் கடைசியாக எப்போது கொள்ளை நடந்தது என்று. பத்து வருடமாக நடக்கவில்லை! ஏன்? நமது கழகம் இருப்பதால். கழகம் தொடங்கி நாலு வருடம்தானே ஆகிறது என்பார்கள். அதற்கு முந்தின ஆறு வருடமும் நாம் தொடங்கப் போகிறோம் என்பது திருடர்களுக்குத் தெரிந்திருக்கிறது! இன்னும் ஒன்று சொல்கிறேன். துப்பாக்கி நம்மைப் போன்றவர்கள் கையில் இருந்தால் அது பாதுகாப்பு. மற்றவர்கள் கையில் இருந்தால் அது ஆயுதம். இந்த வித்தியாசத்தைப் புரியவைக்கத்தான் இந்தக் கழகமே!"

முக்கால் மணி நேரம் பேசினார். கைதட்டினார்கள். பேச்சு முடிந்ததும் டீ என்று ராசுவிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்கள். கைதட்டல் கேட்டதும் ராசு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டை விட்டு வெளியே வந்தார். குறிப்படத் துணிக்குப் பின்னால் வருகிறவரை முன்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியவில்லை.

தரணிதரன் துப்பாக்கியைத் தோளில் வைத்து, இரண்டு கண்ணையும் மூடி, சுட்டார்.

படத்திலிருந்த ஆளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. ரவைகள் அவன் கால்களுக்குக் கீழே, துணி முடிந்த இடத்தில், புகுந்து போயின. கெட்டில் உருளும் சத்தமும், "அம்மா!" என்றொரு அலறலும் கேட்டன.

முதலில் ஓடியது அத்தாயி. ராசு கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கொட்டிய டீயிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் தலைத்துண்டை அவிழ்த்து, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினாள். நிமிர்ந்து பார்த்தபோது ஒரு காரும் கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. எல்லோரும் மேடைப் பக்கம் கூடியிருந்தார்கள். கமிட்டி நடந்துகொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க!" என்று கத்தினாள்.

"போகலாம்மா, போகலாம்," என்றார் செயலாளர் கோகுல்நாத், வக்கீலுக்குப் படித்துவிட்டு அரிசி ஆலை நடத்துகிறவர். "என்ன நடந்ததுன்னு முடிவு பண்ணாம எப்படிப் போறது? அங்க கேப்பாங்கல்ல?" திரும்பி மற்றவர்களிடம் சொன்னார்: "இந்த ஆள் பேரு பயிற்சியாளர் பட்டியல்ல இருக்குதா? இல்லை. விருந்தினர் பட்டியல்ல? அதுலயும் இல்லை. பாஸ் வாங்கினானா? இல்லை. பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ள பின்பக்கமா வந்திருக்கான். இதுக்குச் சட்டத்துல என்ன பேரு?"

அர்த்தனாரி தொண்டையைச் செருமினார். "மூணு எச்சரிக்கை குடுக்கலீங்களே."

"தலைவர் முக்கால் மணி நேரம் பேசினாரே. அதைவிட எச்சரிக்கை வேணுமா?"

எழுதிக்கொண்டார்கள். தரணிதரன் வியர்த்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது. "அப்படின்னா," என்றார் மெல்ல, "நான் ஒருத்தனைப் புடிச்சிருக்கறேன்."

அத்தாயியும் பாத்திரம் விளக்குகிற இரண்டு பெண்களும் ராசுவைத் தூக்கி மினி பஸ்ஸில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் பதினோரு ரவைகளை எடுத்தார்கள். சாயங்காலம் கோகுல்நாத் வந்து ராசுவிடம் தனியாகப் பேசிவிட்டு, அவித்த முட்டை நாலு வைத்துவிட்டுப் போனார். அத்தாயி உள்ளே போனபோது ராசு முட்டையைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உள்ள புகுந்தவன்னு எழுதறாங்களாம். கேஸ் வராம பாத்துக்கறாங்களாம். மண்டபத்து வேலையும் போவாதாம். எல்லாரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டாத்தான் உங்களுக்குச் சான்றாம்." முட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தார். "போட்டுடு தங்கச்சி. எனக்குக் காலு ஆறிடும். உனக்கு ஊட்டுக்காரரு இருக்காரு. பலா பழுக்கப் போவுது."

"நீங்க என்னத்துக்குண்ணா ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கலேன்னா மட்டும் என்னை வேற என்னன்னு எழுதிடப் போறாங்க?"

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கையெழுத்துப் போட்டால் துப்பாக்கி வரும். போடாவிட்டால் ஆனி மாதம் வரும், கரடி வரும், ஒற்றைக் கைக்காரனும் தட்டிக் கதவும் அவளும் இருப்பார்கள். ராசுவே போடச் சொல்லிவிட்டார். அப்புறம் யாருக்காக யோசிக்க வேண்டும்? அவளுக்கே தெரியவில்லை.

ஆறாம் நாள் சான்று வழங்கும் விழா. மேசையில் ஒரு நீளத்தாள். கோகுல்நாத் படித்துக் காட்டினார்: "வளப்பூர் நாட்டைச் சேர்ந்த ராசு என்பவர், முகத்தை மறைத்து, கையில் ஆயுதம் போன்ற பொருளுடன், பயிற்சி வளாகத்துக்குள் அத்துமீறி நுழைந்தபோது, தலைவர் அவர்களின் சமயோசிதத்தால் முறியடிக்கப்பட்டார். பயிற்சியின்போதே ஊடுருவல் ஒன்று தடுக்கப்பட்டிருப்பது இதுவே முதல் முறை."

கைதட்டினார்கள். தலைவர் சார்பில் ஆளுக்கு ஓர் அவித்த முட்டை கொடுத்தார்கள். ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டு, சான்றை வாங்கிக்கொண்டார்கள். மேனகா போட்டுவிட்டு வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "நானும் பாத்தேன் அக்கா," என்றாள். "ஊட்டுல என்ன சொல்றது?"

அத்தாயியின் முறை வந்தது.

"முகத்தை மறைக்கலீங்க," என்றாள். "தலையில துண்டு கட்டியிருந்தாரு. அந்தத் துண்டுலதான் நான் காயத்தைக் கட்டுனேன்."

"துண்டு மறைக்காதா?"

"ஆயுதம் போன்ற பொருளுன்னா என்னங்க? அது கெட்டிலுங்க."

"உள்ள கொதிக்கிற டீ. உங்க மேல ஊத்தியிருந்தா?"

"நீங்கதானுங்க டீ கேட்டீங்க."

தரணிதரன் நாற்காலியில் நெளிந்தார். அர்த்தனாரி அருகில் வந்து, குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அம்மா, உன் பேரு எழுதி சான்று தயாரா இருக்குது. ஒரு கையெழுத்துதான். கண்ணை மூடிட்டுப் போடு."

அத்தாயி பேனாவை வாங்கினாள். தாளைப் பார்த்தாள். ராசு என்று எழுதியிருந்த இடத்தில் செல்லமுத்து என்று எழுதினாலும் வரி சரியாகத்தான் வரும், பொன்னாயி புருஷன் பேரை எழுதினாலும் சரியாக வரும், ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை என்று அப்போது அவளுக்குப் பட்டது. தன் பேருக்கு நேராக, ஐந்தாம் வகுப்பு எழுத்தில், நிதானமாக எழுதினாள்:

'இவர் டீ கொண்டு வந்தார். அத்தாயி.'

மையில் எழுதியதை அழிக்க முடியவில்லை. தாளின் நடுவில் இருந்ததால் வெட்டவும் முடியவில்லை. புதுத்தாளில் எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும் என்றார் கோகுல்நாத். அதற்குள் பாதிப் பேர் சான்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருந்தார்கள். சான்று கைக்கு வந்த பிறகு யாரும் கூப்பிட்ட நேரத்துக்கு வரவில்லை. மேனகா ஊரில் இல்லை என்று மூன்று தடவை அவள் வீட்டு வேலைக்காரி சொன்னாள். மூன்றாவது தடவை உள்ளேயிருந்து மேனகாவின் குரலும் சேர்ந்து சொன்னது. கோப்பு நிலுவையில் நின்றது. ராசு திருடனாகவில்லை. மண்டபத்திலும் அவரை அதற்குப் பிறகு டீ போடச் சொல்லவில்லை. நொண்டிக்கொண்டே வளப்பூருக்கு ஏறிப் போனார்.

அத்தாயி வெறுங்கையோடு மேட்டுக்கு வந்து சேர்ந்தாள். நடந்ததைச் செல்லமுத்துவிடம் சொன்னாள். அவன் திட்டுவான் என்று நினைத்தாள். அவன் தொங்குகிற கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காட்டைப் பார்த்தபடி இருந்தான். அதற்குத் திட்டியிருக்கலாம்.

சித்திரையில் தபாலில் மதிப்பெண் பட்டியல் வந்தது. குறி பார்த்தல்: மிக நன்று. உச்சரிப்பு: சுமார். எதிரியை அடையாளம் காணுதல்: தேர்ச்சி இல்லை. அடுத்த பயிற்சி அணி ஐப்பசியில்.

ஐப்பசி வரைக்கும் பலா காத்திருக்காது; பழுத்து மணத்தால் கரடி வந்துவிடும். மறுநாள் அத்தாயி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு மரத்தில் ஏறினாள். பிஞ்சும் காயுமாக ஒவ்வொன்றையும் அறுத்துத் தள்ளினாள். பால் வழிந்து கையெல்லாம் ஒட்டியது. செல்லமுத்து கீழே நின்று, ஒற்றைக் கையால் பொறுக்கிப் பள்ளத்தில் உருட்டினான். மூன்று மரங்களுக்கும் இரண்டு நாள் ஆயிற்று. மரமேறி இறங்கிய உடம்பு வலித்தது. அதைவிட, தின்கிற பொருளை இப்படி எறிகிறோமே என்றிருந்தது.

வைகாசியில் கரடி அந்த மேட்டுக்கு வந்து, மோந்து பார்த்துவிட்டு, பொன்னாயி வீட்டுப் பக்கம் இறங்கியது. காலையில் பொன்னாயி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அக்கா, மரத்தடியில வந்து நின்னுச்சு. புள்ளைங்க உள்ள இருக்குது. அந்தக் கிளாசுல என்னமோ சொல்லித் தர்றாங்களாமே, நானும் பேரு குடுக்கட்டுமா?"

அத்தாயி அரிவாளை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தாள். பொன்னாயி வீட்டு மரம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஆனி பிறப்பதற்குள் அந்தப் பக்கத்து ஏழு வீட்டு மரங்களும் காய் இல்லாமல் நின்றன. அந்த வருடம் குழந்தைகள் பலாச்சுளை கேட்டு அழுதார்கள். கரடி எந்தத் திசையில் போனதென்று யாருக்கும் தெரியவில்லை.

தையில் கழகத்தின் ஆண்டறிக்கை வந்தது. பதிவு செய்த எல்லோருக்கும் அனுப்புவது வழக்கமாம். அட்டையில் துப்பாக்கியோடு தரணிதரன். அத்தாயி வாசலில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"'திண்ணனூர் நாட்டுப் பகுதியிலிருந்து கடந்த ஆண்டு கரடித் தொல்லை குறித்து ஒரு மனுகூட வரவில்லை. கழகம் அளித்த பயிற்சியின் பலனாக அங்கே கரடி அபாயம் முற்றிலும் ஒழிக்கப்பட்டது.'"

செல்லமுத்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"உன் பேரு போட்டிருக்குதா?"

அவள் பக்கங்களைக் கடைசிவரை புரட்டினாள்.

"இல்லீங்க," என்றாள். "பலாக்காயைப் பத்தியும் ஒண்ணும் இல்லீங்க."